வர்த்தக விண்ணப்பங்கள்

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு விளங்கவே விளங்காத ஒன்று, இந்த ஊர்க்காரர்கள் இன்னும் நடக்காததைப் பற்றி எழுதி எழுதிப் போடுவதுதான். பஸ் நிற்கும் இடம், சமூக நிலையம், கோயில் வாசல், எங்கே திரும்பினாலும் ஒரு பலகை. பலகை நிறைய வருகிற வாரம், வருகிற மாதம். எங்கள் தூத்துக்குடியில் சுவரில் காகிதம் ஒட்டியிருந்தால் ஒன்று சினிமாவாக இருக்கும், இல்லையென்றால் யாராவது செத்திருப்பார்கள். இங்கேயோ டிரான்ஸிஸ்டர் ரேடியோ பழுதுபார்க்கும் வகுப்பு, ஜூரோங் தொழிற்சாலைகளைப் பற்றிய படக்காட்சி, சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு வைக்கச் சொல்லித்தரும் கூட்டம், பல்கலைக்கழகத்தில் பொதுச் சொற்பொழிவு என்று எப்போது பார்த்தாலும் ஏதாவது வரப்போகிறது. வருவதெல்லாம் நல்லதற்குத்தான் வருகிறது என்று நானும் சில வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பலகையில் இருந்த ஒரே ஒரு சொல் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போல இங்கே வந்து வேர்விட்டும் விடாமலும் கிடக்கிறவர்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் லூர்துசாமி செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தார். கப்பலுக்கு வேண்டிய ஆணி, கயிறு, பெயிண்ட் இவையெல்லாம் எவ்வளவு வந்தன, எவ்வளவு போயின என்று எழுதிவைக்கிற வேலை. கல்யாணமாகி, கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்த எனக்குத் தளத்துக் குடியிருப்பில் ஒன்றரை அறை வீடு கிடைத்தது. பையனும் பெண்ணும் அங்கேதான் பிறந்தார்கள். குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா, “சும்மா வா லா, வரிசையில நின்னா முடிஞ்சிடும்” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எங்கள் பக்கத்திலும் பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடுவோம் என்பதால் அக்காவின் பேச்சு எனக்கு முதல் நாளிலிருந்தே பிடித்துவிட்டது. அவருக்குத் துணையாகப் போய் நானும் பதிந்துவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் பதியவில்லை. “நான் வெள்ளக்காரன் சம்பளத்த வாங்கிட்டு ஊருல போய் உக்காரப் போறவன். நீ சிங்கப்பூர்க்காரி ஆயிட்ட, இனிமே உனக்குச் சோறு நான் போடணுமா, சர்க்கார் போடுமா?” என்று ஒரு வாரம் கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு நாள் வெள்ளைக்காரன் மூட்டை கட்டப்போகிறான், தளத்தை மூடப்போகிறான் என்று வானொலியில் சொன்னார்கள். குடியிருப்பு முழுக்க எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. குடிமக்களுக்கே வேலை தேட வேண்டிய நிலை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டும் வேண்டும் என்று ஆகிவிட்டது. வேலை கிடைத்தால்தான் சீட்டு, சீட்டு இருந்தால்தான் இங்கே இருப்பு. தளம் மூடுவதற்குள் என் வீட்டுக்காரர் வேறொரு வேலை பிடிக்காவிட்டால் அவர் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். எங்கள் கவலையெல்லாம் அந்த ஒன்றுதான். அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. நகரத்துக் கம்பெனிகளில் அவரைப் பார்த்ததுமே, “சொல்லி அனுப்புகிறோம்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கோயிலுக்குத் தமிழ்ப் பூசைக்கு வருவோம். நாங்கள் கத்தோலிக்கர்கள் மாதா கோயிலையும் கோயில் என்றுதான் சொல்லுவோம். கோயில் வாசலில் ஒரு கரும்பலகை. ஊரில் நடக்கப்போகும் உபயோகமான நிகழ்ச்சிகளை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கி அதில் எழுதிவைப்பவர் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் சவரிமுத்து சார். அன்றைக்கு அதில் இப்படி இருந்தது: ‘பல்கலைக்கழகத்தில் மின்னணுக் கணக்கு யந்திரம் – வர்த்தக விண்ணப்பங்கள். வரும் சனிக்கிழமை மாலை. அனைவரும் வரலாம்.’ நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்ததும் ஓடிப்போய் என் வீட்டுக்காரரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் இரண்டு தரம் படித்தார். “ஏட்டி, கணக்கு யந்திரம்னு போட்டிருக்கான். யந்திரம் வந்தா அதுக்குப் பக்கத்துல உக்காந்து கணக்கு எழுத ஆள் வேணும்லா? அதுக்குத்தான் விண்ணப்பம் வாங்குதான்” என்றார். எவ்வளவு பொருத்தமான பேச்சு! வீடு திரும்புகிற வழியில் பிள்ளைகளுக்கு சர்பத் ஊற்றிய ஐஸ் உருண்டை வாங்கிக் கொடுத்தார். அவர் அப்படிச் செலவு செய்து பல மாதம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை பிள்ளைகளைப் பார்வதி அக்காவிடம் விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி புக்கித் தீமா ரோட்டில் இறங்கினோம். அவர் கல்யாணச் சட்டையைப் போட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய டையைக் கட்டி, தளத்து அதிகாரிகள் கொடுத்த நற்சான்றிதழ்களையெல்லாம் ஒரு அட்டைக் கோப்பில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பல்கலைக்கழகத்துக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். மரங்களும் புல்வெளியும் பார்க்க நன்றாகவே இருந்தன; எனக்குத்தான் செருப்புச் சத்தம் அதிகமாகக் கேட்பதுபோல் கூச்சமாக இருந்தது. மண்டப வாசலில் ஒரு சீனப் பெண், மாணவியாக இருக்க வேண்டும், மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். “யுவர் கம்பெனி, சார்?” என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்று, “நேவல் பேஸ்” என்றார். உடனே அவள் எழுந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் அதை எழுதி அவர் சட்டையில் குத்திவிட்டு, எங்களைக் கொண்டுபோய் முதல் வரிசையில் உட்காரவைத்தாள். சுற்றிலும் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள், சீன முதலாளிகள். “பாத்தியா, பேஸ் பேரக் கேட்டதும் எங்க உக்கார வச்சிருக்காங்கன்னு” என்று என் காதில் சொன்னார். அவர் முகத்தில் அத்தனை வெளிச்சம்.

மேடையில் இரும்பு பீரோ போல ஒன்று நின்றது. பக்கத்தில் தட்டச்சு எழுத்துகள் வைத்த ஒரு மேசை யந்திரம்; கணக்கை அதில் அட்டை ஓட்டைகளாகக் குத்திக் கொடுத்தால்தான் பீரோ படிக்குமாம். விற்கிற கம்பெனியின் வெள்ளைக்காரர் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று வாய் ஓயாமல் பேசினார். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. திடீரென்று அவர் என் வீட்டுக்காரரின் சட்டைக் காகிதத்தைக் குனிந்து பார்த்து, தளத்திலிருந்து வந்திருக்கும் நண்பர் சொல்லட்டும், உங்கள் ஸ்டோரில் சரக்குக் கணக்கு எழுத எத்தனை பேர் என்று கேட்டார். இவர் எழுந்து, டையைச் சரிசெய்துகொண்டு, “ஃபார்ட்டி மென், சார். ஆல் எக்ஸ்பீரியன்ஸ்ட்” என்றார். நாற்பது பேர், எல்லாரும் அனுபவசாலிகள். வெள்ளைக்காரர் இதற்காகவே காத்திருந்தவர்போல் பீரோவைத் தட்டி, இதுவும் அட்டை குத்த இரண்டு பெண்களும் போதும் என்றார். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. மரியாதைக்கு என் வீட்டுக்காரரும் கைதட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

அப்போதுகூட அவருக்கு விளங்கவில்லை, எனக்கும்தான். கூட்டம் கலைந்து தேநீருக்குப் போனபோது தன் அட்டைக் கோப்பை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளைக்காரரிடம் போனார். “சார், வேர் டு கிவ் அப்ளிகேஷன்?” வெள்ளைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அப்ளிகேஷனா, சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு, இன்சூரன்ஸ், எதற்கு வேண்டுமானாலும் உண்டு, உங்கள் தளத்துக்கு எது தேவை என்று கையை விரித்து விரித்துச் சொன்னார். இவர் மிரண்டுபோய்க் கோப்பை நீட்டினார். அவர் திறந்தார். உள்ளே என் வீட்டுக்காரரின் போட்டோவும் சான்றிதழ்களும். அந்த மனிதர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “ஐயம் ஸாரி. வீ ஆர் நாட் ஹயரிங்” என்று கோப்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சட்டையில் இருந்த காகிதத்தைத் தானே கழற்றி, குண்டூசியைப் பத்திரமாக மேசையில் வைத்தார்.

எனக்கு அழுகை வந்தது, பசியும் வந்தது. தட்டில் இருந்த கறி பஃப் பலகாரத்தை எடுத்துத் தின்றேன். வாசலில் பார்த்த பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். விஷயம் புரிந்து அவள் முகமெல்லாம் சிவந்திருந்தது. “ஆன்ட்டி, யூ கேன் டைப் ஆ?” என்று கேட்டாள். கன்னியர் மடத்தில் படித்தபோது டைப்பிங் பாஸ் செய்தவள்தான் நான். ஆமாம் என்றேன். சமூக நிலையத்தில் அட்டை குத்துகிற வகுப்பு ஆரம்பிக்கிறார்கள், பெண்கள்தான் வேண்டுமாம், போங்கள் என்று சொன்னாள். பஸ்ஸில் என் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “போய்ப் படி. அந்த ரெண்டு பொம்பளையில ஒருத்தி நீயா இருந்துட்டுப் போ” என்றார். மனசார சொன்னாரா, குத்திக் காட்டினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு சவரிமுத்து சாரைப் பிடித்து உலுக்கிவிடுவது என்றுதான் கோயிலுக்குப் போனேன். “அப்ளிகேஷன்னா விண்ணப்பம்தானே தங்கச்சி? அகராதியிலயும் அப்படித்தானே இருக்கு” என்றார் பாவம், கையில் சாக்பீஸ் தூளோடு. அந்த இடத்தில் அதற்குப் பயன்பாடு என்று அர்த்தமாம். யந்திரத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதுதான் கூட்டமாம். இதைப் பிறகு யாரோ எனக்குச் சொன்னார்கள். நான் கத்தியிருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரர், “விடு ரெஜினா, சார் நல்லதுக்குத்தான் எழுதுனாரு” என்று என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பலகையில் அதற்குள் அடுத்த வார நிகழ்ச்சிகள் வந்துவிட்டன.

இப்போது நான் நகரத்தில் ஒரு ரப்பர் வியாபாரக் கம்பெனியில் அட்டை குத்துகிறேன். யந்திரத்துக்குச் சூடு ஆகாதாம். அதற்காக அறையைக் குளிர வைத்திருக்கிறார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்வெட்டர் போட்டு வேலை செய்கிறேன் என்றால் தூத்துக்குடியில் யார் நம்புவார்கள்? கீழ்த்தளத்தில் முன்பு பேரேடு எழுதிக்கொண்டிருந்த கிளார்க்குகளில் இரண்டு பேர் தமிழர்கள். மாடிப்படியில் என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள், பேசமாட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு வேலை கிடைத்த மாதத்தில் அவருக்குத் தளத்து வேலை போனது; அந்த வீட்டைக் காலி செய்து பஃபலோ ரோட்டில் ஒரு மாடி அறைக்கு வந்தோம். நான் வேலைக்குப் போவேன். அவர் பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்புவார், பிறகு வேலை கேட்கப் போவார். தேக்கா சந்தையில் மீன் வாங்கி, ஊர் மாதிரியே புளி கரைத்துக் குழம்பு வைப்பார். அதை நான் ருசித்துச் சாப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும், சாப்பிடாவிட்டாலும் வரும்.

தளத்து ஆட்களை ஊருக்கு அனுப்புவதில் அவர் முறை வந்தது. ஊருக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் உண்டு என்றார்கள். “எல்லாரும் கெளம்பிருவோம். பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்க என்னால முடியாது. முடிஞ்சாலும் சீட்டு இல்லாம எத்தன நாளைக்கு இங்க இருக்க?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஊரில் போய் அவர் என்ன வேலை பார்ப்பார், பிள்ளைகள் தமிழும் இங்கிலீஷும் மலாயும் கலந்து யாரிடம் பேசும் என்று நான் யோசித்தேன். அது மட்டும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், மாதக் கடைசியில் என் பெயரைக் கூப்பிட்டுச் சம்பள உறையைக் கொடுக்கிறார்களே, அதை விட எனக்கு மனசு வரவில்லை. “நீங்க போங்க. நான் வரல” என்றேன். அவர், “பிள்ளைகளப் பாத்துக்க” என்றார். புருஷனைக் கப்பலேற்றிவிட்டு மெஷினைக் கட்டிக்கொண்டவள் என்று கோயிலில் யாரோ பேசியதாகக் கேள்வி. பேசிவிட்டுப் போகட்டும்.

அவர் புறப்பட்ட அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு துறைமுகத்துக்குப் போனேன். ஒரே கூட்டம், எல்லாம் தளத்து ஆட்கள், தகரப் பெட்டிகள், அழுகை. அவருடைய படுக்கைச் சுருட்டைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே நடந்து, பிள்ளைகள் வெளியே நிற்க, பயணிகள் மட்டும் போகக் கட்டியிருந்த கயிற்றை எனக்குத் தெரியாமலே தாண்டி உள்ளே வந்துவிட்டேன். சீருடை போட்ட மலாய்க்காரர் ஒருவர் தடுத்தார். வயசான, பொறுமையான ஆள். என் வீட்டுக்காரரைப் பார்த்து, “கோயிங் ஹோம்?” என்று கேட்டார். “யெஸ், கோயிங் ஹோம்” என்றார் இவர். அடுத்து என் பக்கம் திரும்பி, “யூ, மேடம்?” என்றார். நானும், “கோயிங் ஹோம்” என்றேன். நான் சொன்னது பஃபலோ ரோட்டை. மலாய்க்காரர் தலையாட்டிவிட்டு டிக்கெட்டுக்குக் கை நீட்டினார். படுக்கைச் சுருட்டை இறக்கி வைத்துவிட்டு, உள்ளங்கையில் வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கொடுத்தேன். நானும் பிள்ளைகளும் துறைமுகத்துக்கு வந்த மூன்று பஸ் சீட்டு. அவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் குனிந்து படுக்கைச் சுருட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அந்த மனிதர் சீட்டுகளை என் கையிலேயே வைத்து மூடி, நான் வெளியே போவதற்குக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.