துகிமானின் இரண்டு வினாடி

துகிமான் அண்ணன் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். எங்கள் ஊரிலேயே உயரமான ஆள். அந்த உயரம்தான் அவருக்குச் சனியனாக வந்தது.

நாற்பது வருடத்துக்கு முன் ஜகார்த்தாக்காரர்கள் எங்கள் வயல்களில் விடுதலைப் போர்ப் படம் எடுத்தார்கள். முதல் நாள் அண்ணன் போராளி. எங்கள் நாட்டுச் சிவப்பு வெள்ளைக் கொடியோடு கேமராவை நோக்கி ஓடிவந்தார். மறுநாள் டச்சுச் சிப்பாய்க்கு ஆள் பற்றவில்லை. உயரத்தைப் பார்த்து அவருக்குக் காக்கிச் சட்டையை மாட்டிவிட்டார்கள். மூன்று நாளில் ஏழு தடவை செத்தார். இன்றைக்கும் சந்தையில் அவருக்கு டச்சுத் துரை என்றுதான் பெயர்.

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. மிஞ்சிய ஒரே பிரதி என்னிடம் இருக்கிறது. ஒவ்வோர் ஆகஸ்ட் பதினேழும், எங்கள் சுதந்திர தினத்தன்று, மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி ஓட்டுகிறேன். அண்ணனின் கொடிக் காட்சி மூன்றாம் ரீலின் தொடக்கத்தில் இருக்கிறது. ப்ரொஜெக்டரில் மாட்டும்போது கிழிவதும் அந்த இடம்தான். வெட்டி வெட்டி ஒட்டியதில் எட்டு வினாடி இரண்டாகிவிட்டது. வெட்டியவன் நான்தான், வேறு என்ன செய்ய?

இந்த வருடம் மக்காசாரிலிருந்து அவருடைய புது மாப்பிள்ளை முதல்முறையாக வந்திருந்தார்.

"கொடி புடிச்சது நான்தான்னு மாப்ளகிட்ட போன்லயே சொல்லிட்டேன்டா. இந்தத் தடவயாச்சும் கிழிச்சுத் தொலைக்காத."

"உங்க மூஞ்சியப் பாத்ததும் அதுவா கிழியுதுண்ணே!"

அன்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். கிழியவில்லை. ஆனால் ரீல் மாற்றும் இடைவெளியில் ஊர்த்தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். சாக்கு ஓட்டம் நடத்தியவர், வழுக்கு மரம் நட்டவர், தின்னும் போட்டிக்கு அப்பளம் கொடுத்தவர் என்று ஆள் ஆளுக்கு நன்றி. "கடைசியா நன்றி" என்றதும் நான் ப்ரொஜெக்டர் விளக்கைப் போட்டேன். மனுஷன் நகரவில்லை; சமையல் செய்த பெண்களுக்கு இன்னொரு நன்றி பாக்கி இருந்ததாம். திரை முழுக்க அவருடைய கறுப்புத் தொப்பியின் நிழல்.

"உக்காருங்கய்யா! குனிங்கய்யா!" என்று அண்ணன் கத்தினார். தலைவர் குனிந்தபோது காட்சி போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தொப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

அடுத்த காட்சியில் வரப்பில் ஓடிய டச்சுச் சிப்பாய் ஒருவன் குண்டடிபட்டுச் சேற்றில் குப்புற விழுந்தான். மைதானமே ஆர்ப்பரித்தது. மாப்பிள்ளை எழுந்து நின்று விசிலடித்துக் கைதட்டினார். பிறகு ஆவலோடு திரும்பினார்.

"மாமா, நீங்க எப்ப வருவீங்க?"

அண்ணன் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "இப்பக் கைதட்டுனீங்களே மாப்ள, அவன்தான் நானு."