பாறையடிக்கு இறங்கிய ஆமிக்காரர்

இன்று பின்நேரம் ஜாபிரை அடக்கிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நேற்று என் தங்கையின் மாப்பிள்ளை நவாஸ், அவருடைய தம்பி ஜாபிர், நான், மூன்று பேரும் கல்முனையிலிருந்து பொத்துவில் பக்கம் தூண்டில் போடப் போனோம்.

(நம்முடைய கரை முழுக்க மணல். பாறையைக் கண்டால் விடமாட்டோம்.)

கடலுக்குள் நீட்டி நிற்கும் உயரமான பாறை. மேலிருந்து தூண்டில் எட்டவில்லை என்று ஜாபிர் கீழே இறங்கினான்.

ஓர் அலைதான். ஆளைக் காணவில்லை.

தம்பியைப் பிடிக்க இறங்கிய நவாஸும் வழுக்கி விழுந்தார். கால் முறிந்து, பாறையடியில் ஒரு வெடிப்புக்குள் சிக்கிக்கொண்டார். ஒவ்வொரு அலைக்கும் அவர் தலை தண்ணீருக்குள் போய் வந்தது.

எனக்கு நீந்தத் தெரியும். ஆனால் நான் இறங்கவில்லை. கத்த மட்டும்தான் முடிந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர் ஒரு சிங்கள ஆமிக்காரர், இராணுவச் சிப்பாய். லீவில் மனைவி பிள்ளையோடு கடல் பார்க்க வந்தவர். பிள்ளையை மனைவியிடம் கொடுத்தார். பக்கத்துத் தோணியிலிருந்து மீனவர்கள் கொண்டுவந்த கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை என்னிடமும் அவர்களிடமும் தந்தார்.

"கயிறு விட வேணாம். நான் சொன்னா மட்டும் இழுங்க."

இறங்கும்போதே அலை அவரைப் பாறையில் அடித்தது. நெற்றியில் இரத்தம். நவாஸிடம் போய்ச் சேர்ந்ததும் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவருக்குக் கட்டினார். நாங்கள் நவாஸை இழுத்து முடிக்கும்வரை வெறும் கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

நவாஸ் மயங்கிய நிலையில் மேலே வந்தார்.

கயிற்றைத் திரும்பப் போட்டோம். ஏறிவருவார் என்று நினைத்தோம். அவரோ அதைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்தார். தூரத்தில் ஜாபிரின் கை தெரிந்ததை அவர் கண்டிருக்கிறார்.

ஜாபிரிடம் போயும் விட்டார். அடுத்து வந்த அலை இரண்டு பேரையும் மூடியது.

நாங்கள் இழுத்தபோது அவர் கையில் ஒரு கிழிந்த சட்டைத்துண்டு இருந்தது.

மேலே வந்து உட்கார்ந்தவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் பிடிச்சது. உண்மையா பிடிச்சது."

இன்று காலை ஜாபிர் கரை ஒதுங்கினான்.

அடக்கம் நடந்த மையவாடிக்கு அந்த ஆமிக்காரரும் வந்திருந்தார். நெற்றியில் தையல். உள்ளே வராமல் வாசலிலேயே தலைகுனிந்து நின்றார். ஜாபிரின் வாப்பா கண்டுவிட்டு அவரிடம் போனார்.

"ரெண்டு பேரையும் கடல் கொண்டு போயிருக்கும். ஒராளையாவது நீங்க எனக்குத் தந்தீங்க. வாங்க மகன், நீங்களும் மண் போடுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மூன்று பிடி மண் போட்டார். அப்போதுதான் வாப்பா அழுதார்.

பெயரும் படமும் போட வேண்டாம் என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டார். அதனால் போடவில்லை. அவருக்காக எல்லோரும் துஆச் செய்யுங்கள்.

நவாஸ் ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டார். "தம்பி எங்க மச்சான்?" என்று கேட்டார். பக்கத்து வார்டில் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்குக் காலில் ஒப்பரேஷன். அதற்குப் பிறகு நான்தான் சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு செய்தியைச் சொல்ல நேர்ந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? முதல் வார்த்தையாக என்ன சொன்னீர்கள்?