சொட்டு மருந்துக்கு முன் கேட்க வேண்டியது

எண்பதுகளில் நெய்வேலி நகரியத்தில் பிளாக் பிளாக்காகத் தடுப்பூசி போட்ட நர்ஸ் நான். குழந்தையைக் கொண்டுவராதவர்கள் வீட்டுக்கு ஐஸ் பெட்டியோடு நானே போய்விடுவேன். எனக்கு இனிக்கப் பேச வராது.

ஒரு குவார்ட்டர்ஸில் ஒன்பது மாதக் குழந்தைக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லை. அம்மா சரோஜா, குறிஞ்சிப்பாடிப் பெண். கதவைப் பாதி திறந்து, அப்புறம் வருகிறேன் என்று மழுப்பினாள். நான் உள்ளே போய்விட்டேன். மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டரான அவள் கணவர் கட்டிலில் கிடந்தார். மொட்டைத் தலை. மஞ்சள் காமாலை, திருப்பதிக்கு வேண்டுதல் என்றாள்.

அவர் முகத்தைப் பார்த்தேன். எடுத்த சொட்டு மருந்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

"ஏம்மா, திருப்பதியில புருவத்தையுமா எடுக்குறாங்க?"

அழுதுவிட்டாள். ரத்தப் புற்றுநோய். மெட்ராஸில் மருந்து ஏற்றுகிறார்கள். "கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலைக்கு அன்ஃபிட்னு எழுதிடுவாங்க சிஸ்டர். வூட்ட காலி பண்ணிட்டு எங்க போறது? புள்ளைக்கு ஊசி போட்டா ஜொரம் வந்து அவருக்கும் ஒட்டிக்கும்னு பயந்துகினு இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் இருவரையும் திட்டிவிட்டு, எங்கள் டாக்டரிடம் இழுத்துப்போனேன். அவர் தெளிவாகச் சொன்னார். ஊசிக் காய்ச்சல் யாருக்கும் ஒட்டாது. தட்டம்மை ஊசியைத் தள்ளவே கூடாது. குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் அப்பாவுக்குத்தான் ஆபத்து. போலியோ சொட்டு மட்டும் வேறு. அதில் இருப்பது உயிருள்ள கிருமி. குழந்தையின் மலத்தில் வெளியேறும், எதிர்ப்பு சக்தி இல்லாதவரைத் தாக்கலாம். அதனால் அதைத் தாய்வீட்டில் வைத்துப் போட்டு, தான் சொல்லும்வரை குழந்தை அங்கேயே இருக்கட்டும் என்றார்.

தானும் குழந்தையோடு போய்விட்டால் கணவருக்கு யார் சோறாக்குவது என்று சரோஜா மறுத்தாள். கடைசியில் கணவரே பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார்.

அந்த அம்மா இடுப்பில் கைவைத்தாள். "காமாலைன்னு தெனமும் கீழாநெல்லி அரைச்சிக் குடுத்தேனே, அத என்னா பண்ணீங்க?"

"முருங்கைக்கு ஊத்திட்டோம்க்கா."

"மரமாவது நல்லா இருக்கட்டும். ரசத்த ஊத்தாம சாப்புடு." அன்றிலிருந்து அவள் வீட்டுச் சாப்பாடு.

குழந்தைக்கு எல்லாம் போட்டாயிற்று. சிகிச்சை முடிந்து அவர் ஷிப்டுக்குத் திரும்பினார். யாரும் அன்ஃபிட் எழுதவில்லை.

புதிதாக வரும் நர்ஸ்களே, குழந்தையின் தொடையை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் யார் என்ன சிகிச்சையில் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மழுப்பினால் உள்ளே போய் உட்காருங்கள். பதில் வந்தபிறகு டாக்டரைக் கேட்டுப் பெட்டியைத் திறக்கலாம்.