மடித்துத் தைத்த கிழிசல்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். ஆனால் இந்த ஊரில் கிடாரும் டிரம்ஸுமாக வெள்ளைக்காரப் பாட்டு வந்து இறங்கிய காலத்தில், அதை முதலில் கேட்டவர்களின் வரிசையில் நான் முன்னால்தான் நிற்பேன். பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் என் தையல் கடை. சிந்தாதிரிப்பேட்டையில் யாரோ ஒருவர் கடையில் காஜா எடுக்க உட்கார்ந்தவன், அறுபதுகள் முடிவதற்குள் சொந்த மிஷின் போட்டுவிட்டேன். கோடம்பாக்கத்திலிருந்து சினிமாவில் கூட்டத்தோடு ஆடுகிறவர்கள் வந்தார்கள். அபிராமபுரத்திலிருந்து காலேஜ் பையன்கள் வந்தார்கள். பெல்பாட்டம் தரையைப் பெருக்க வேண்டும், ஆனால் கால் தடுக்கக் கூடாது. அந்த வெட்டு அப்போது என் கத்தரிக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பையன்கள்தான் எனக்குப் பாட்டைக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது பாட்டுக்காக இல்லை, காலருக்காக. ரிக்கார்டு அட்டையை மேசைமேல் வைத்து, "மாஸ்டர், இடது பக்கம் நிக்கறான் பாருங்கோ, அவன் போட்டுண்டிருக்கற மாதிரி" என்பார்கள். தலைமுடி வளர்த்த நாலு பேர் அதில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். குழுவின் பெயரை எனக்குப் படிக்கத் தெரியாது. நாய்க்காது காலர்க்காரர்கள், பூப்போட்ட சட்டைக்காரர்கள், வெல்வெட்காரர்கள் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் ஒருவன் விட்டுப்போன அட்டை கனமாக இருந்தது. உள்ளே ரிக்கார்டுத் தட்டு. பக்கத்து எலக்ட்ரிக் கடையில் ஒரு பிளேயர் ரிப்பேருக்கு வந்திருந்தது. போட்டுப் பார்த்தோம். கிடார் ஒன்று அழுதுகொண்டே மேலே ஏறியது. என் கையிலிருந்த சுண்ணக்கட்டி கீழே விழுந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய பிளேயர் ஒன்றை வாங்கிக் கடைக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு யார் அட்டையோடு வந்தாலும் ஒரே பேச்சுதான்.

"அட்டைய மட்டும் பாத்தா அளவு வராது நைனா. தட்டையும் வுட்டுட்டுப் போ."

"தட்டுல என்ன மாஸ்டர் அளவு இருக்கு?"

"இருக்குது. உனக்கு இன்னா தெரியும்?"

நம்பிவிட்டுப் போவார்கள். சட்டையைக் கொடுக்கும்வரை தட்டு என்னிடம். தி.நகரிலேயே டெலிவரி தாமதமாகக் கொடுக்கிற டெய்லர் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஏன் தாமதம் என்று இப்போது தெரிந்திருக்கும். தட்டு பிடித்துப்போனால் காஜா பாக்கி என்பேன், பட்டன் வரவில்லை என்பேன். பிடிக்காவிட்டால் மறுநாளே சட்டை ரெடி.

இப்படிப் பத்து வருஷம் கேட்டேன். பையன்கள் படிப்பு முடிந்து போவார்கள், அவர்கள் தம்பிகள் வருவார்கள், தம்பிகளோடு புதுப் பாட்டும் வரும். அத்தனை பேருக்கும் நான் கடன்பட்டவன். ஆனால் ஒருவனைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. அவன் அபிராமபுரத்துப் பையன். அண்ணன் ஒருவன் என்னிடம் பெல்பாட்டம் தைத்துக்கொண்டவன். தம்பிக்காரன் கையில் அட்டை இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படமும் ஒரு கேசட்டும் வைத்திருந்தான். படத்தில் ஒருவன் ஒட்டிப்பிடித்த குழாய் பேன்ட் போட்டு, சட்டை முழுக்கக் கிழிந்து, கிழிசலை ஊக்கு குத்திச் சேர்த்துக்கொண்டு நின்றான்.

"யாருப்பா இவன்? ஊட்ல ஊசி நூல் இல்லியா?"

"அதான் மாஸ்டர் ஸ்டைல். எனக்கும் இதே மாதிரி வேணும். புதுசா தைச்சு, நீங்களே கிழிச்சுத் தரணும்."

"நானா? கிழிக்கறதுக்கா மிஷின் போட்டுக்கினு குந்தியிருக்கேன்?"

அவன் கோபப்படவில்லை. அடையாறில் ஒரு கல்லூரி விழாவில் சனிக்கிழமை சாயங்காலம் அவன் குழுவுக்கு நாலு பாட்டு பாட இடம் கிடைத்திருந்தது. பரீட்சை முடிந்ததும் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறான். மேடையில் நிற்பது அந்த ஒரே ஒரு தடவைதான். "ஆத்துல அப்பாவுக்குத் தெரியாது" என்றான்.

கேசட்டை வாங்கி, பிளேயருக்குப் பிறகு நான் வாங்கியிருந்த டேப் ரிக்கார்டரில் போட்டேன். இதற்கு முன்னால் வந்த பாட்டுகளில் ஒன்று ஓடி முடிவதற்குள் பேன்டின் இரண்டு காலையும் ஓட்டிவிடலாம். இதுவோ, நான் மிஷினில் பாபின் நூல் மாற்றுவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்தது அதைவிடச் சின்னது. பாடுகிறவனுக்குப் பாட வரவில்லை, கிடார்காரனுக்கு விரல் ஓடவில்லை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. யாரிடமும் கற்றுக்கொள்ளாமல், யாரையும் கேட்காமல், வந்து நின்று 'கேளு' என்கிறான். என்னை மாதிரி ஆள். பத்து வருஷமாக இந்தப் பாட்டுகளைக் கடன் வாங்கிக் கேட்டவனுக்கு, இது எனக்கே சொந்தம் என்று தோன்றியது.

"கூலி வாணாம் தம்பி. கேசட்டு குடுத்துரு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான் இருக்கு. சட்டை நான் சொன்ன மாதிரி வந்தா உங்களுக்கே. வரலேன்னா கிடையாது."

வந்துவிடும் என்று நினைத்தேன். நான் தைத்து எது வராமல் போயிருக்கிறது?

வெள்ளைச் சட்டையை முழுசாகத் தைத்தேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நெஞ்சில் இரண்டு, முதுகில் ஒன்று, கையில் ஒன்று என்று கத்தரியால் திறந்தேன். திறந்ததும் ஓரத்தில் நூல் பிசிர் தொங்கியது. என் கடையிலிருந்து பிசிரோடு ஒரு துணி வெளியே போனதில்லை. ஒவ்வொரு கிழிசலின் ஓரத்தையும் உள்ளே மடித்து, பொடித் தையலாகப் போட்டு, இஸ்திரி செய்து மாட்டி வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் வந்தான். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது.

"மாஸ்டர், இது கிழிசல் இல்ல. ஜன்னல்."

"இன்னாப்பா குறை? எவ்ளோ நீட்டா கீது பாரு."

"அதான் குறை. சாயங்காலம் எல்லாரும் சிரிப்பா. நான் பழைய சட்டையே போட்டுண்டு பாடிக்கறேன்." கேசட்டை எடுக்க டேப் ரிக்கார்டர் பக்கம் கையை நீட்டினான்.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரி சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நின்று கேட்டாள்.

"இன்னாய்யா இது, குழாயடி சண்டையாட்டம் கீது?"

"பாட்டும்மே. இந்தத் தம்பி இதைப் பாடப் போகுது. அதுக்குக் கிழிஞ்ச சட்டை வேணுமாம். தெச்சுக் குடுத்தா புடிக்கலயாம்."

அவள் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். சிரித்தாள். "சண்டைல கிழிஞ்சதை எவன்யா மடிச்சுத் தெச்சுக்கினு வருவான்?"

பையன் அவளைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. என்னிடம் சொல்லத் தெரியாமல் அவன் தவித்ததை அவள் ஒரே பேச்சில் சொல்லிவிட்டாள்.

எனக்கும் உறைத்தது. தையலைப் பிரிக்கலாம் என்று பார்த்தால் அந்தப் பொடித் தையலைப் பிரிப்பதற்குள் இருட்டிவிடும். "தம்பி, சத்தமா வை" என்றேன். அவன் டேப்பைத் திருகினான். சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டு, பாட்டு ஓட ஓட, ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மடித்த ஓரம் தாங்கியது, பிறகு துணி சர்ரென்று போனது. அந்தச் சத்தமும் பாட்டோடு சேர்ந்துகொண்டது. இன்னொரு இழுப்பு. என் வீட்டுக்காரி தன் புடவையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி நீட்டினாள். பெட்டியிலிருந்த மிச்ச ஊக்குகளை நான் குத்தினேன். அவன் கண்ணாடியில் பார்த்தான். கேசட்டைக் கழற்றிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு, விழாவுக்கான பாஸ் ஒன்றை என் பையில் திணித்துவிட்டு ஓடினான்.

அந்த மாதிரிக் கச்சேரிக்குள் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. பாஸைக் காட்டியும் வாசலில் காவல்காரர் மறித்தார்.

"நீ யாருப்பா?"

"பாடறவனோட டெய்லர்."

உள்ளே விட்டார்.

அவன் மேடைக்கு வந்ததும் கூட்டம் சிரித்தது. "டேய் மச்சி, அம்மாகிட்ட தெச்சுக்கினு வாடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். பிறகு டிரம்ஸ் ஆரம்பித்தது. கேசட்டில் கேட்டது வேறு, நெஞ்சில் வந்து இடிப்பது வேறு. இரண்டாவது பாட்டில் அதே பையன் கத்துவதை விட்டுவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தான். மேடையில் இவன் ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் கிழிசல் ஒரு விரல்கடை வளர்ந்தது. மூன்றாவது பாட்டில் ஒரு கை போயிற்று. நாலாவது முடியும்போது முதுகு மொத்தமும் தொங்கியது, நெஞ்சில் ஊக்குகள் மட்டும் மினுங்கின.

கழுத்தில் காலர் மட்டும் அப்படியே நிமிர்ந்து நின்றது. உள்ளே விறைப்புக்குக் கேன்வாஸ் வைத்து நான் தைத்த காலர்.

இறங்கி வந்தவன் வியர்வையோடு என்னைத் தேடிப் பிடித்தான். பேன்ட் பையிலிருந்து கேசட்டை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடினான்.

"மாஸ்டர், காலர் மட்டும் ஏன் கிழியவே இல்ல?"

"அது கிழியாது நைனா. கூடவே எடுத்துக்கினு போ."

எடுத்துக்கொண்டு போனான் என்று அவன் அண்ணன் பிறகு சொன்னான், பெட்டியில் வெறும் காலரை. கேசட் என்னிடம் இருந்தது, டேப் தேய்ந்து பாட்டுக்கு நடுவே மூச்சு வாங்க ஆரம்பிக்கும்வரை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தால், உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுப்பாள்.

"யோவ், அந்தக் குழாயடியக் கொஞ்சம் போடேன்."