மேட்டுக் கால்

ஜாதகக் கட்டம் பார்த்து மாப்பிள்ளை முடிவு செய்கிறவர்கள் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். எனக்கு ஒரு ஆளை ஆடவிட்டுப் பார்த்தால் போதும். என் வீட்டுக்காரரை அப்படித்தான் பிடித்தேன். இதைப் பெருமையாகவே சொல்கிறேன், யார் என்ன நினைத்தால் எனக்கென்ன.

முதலில் வந்த வரன், போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் வீட்டுப் பையன். சொந்தக்காரர் கல்யாண ஊர்வலத்தில் அவன் ஆடியதைப் பார்த்தேன். எந்தப் பக்கம் செல்போன் படம் பிடிக்கிறதோ அந்தப் பக்கமே திரும்பினான். குறுக்கே வந்த சின்னப் பிள்ளைகளை முழங்கையால் ஒதுக்கினான். வேண்டாம் என்றுவிட்டேன். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் எல்லா முடிவும் தாய்மாமா கையில். அவருக்குக் கோபமான கோபம்.

"ஆட்டத்தப் பாத்து ஆளத் தள்ளுறவள இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

அந்த வருடம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் பெண்கள் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி அடித்தோம். தினமும் விடிகாலை ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள் நான். கை காய்ப்பேறியது. நான் தட்டினால் தெருமுனை வரை கேட்கும். பக்கத்தில் ஆண்களின் ஒயிலாட்டம். மலையிலிருந்து இறங்கி வந்த தோட்டக்காரர் வரிசையில் ஒருவருடைய கைக்குட்டை நழுவி விழுந்துவிட்டது. அடுத்து நின்றவர், அடவுக்குக் குனிகிற குனிவிலேயே அதை எடுத்து அந்த ஆளின் கையில் திணித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் நிமிர்ந்தார். தாளம் தப்பவில்லை. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். கூட நிற்கிறவனுக்கு அசிங்கம் வராமல் பார்த்துக்கொள்கிற ஆள். எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று.

அடுத்த வாரமே அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மாமா, திருவிழா வீடியோவைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏத்தா, இங்க பாரு. வலது முட்டி நிமிரவே மாட்டேங்குது. கால்ல என்னமோ இருக்கு, மறைக்கிறாக."

"அவுக சரிவுல ஆடிப் பழகுனவுக மாமா. மேட்டுப் பக்கத்துக் கால் மடங்கித்தான் இருக்கும்."

"கோயில் வாசல்ல ஏதுடி மேடு?"

"பழகுன காலுக்கு அது தெரியுமா? கால் சரியில்லாட்டியும் எனக்கு அவுகதான்."

அம்மா அழ ஆரம்பித்தாள். மாமா செருப்பை மாட்டினார், மறுப்புச் சொல்லி அனுப்பத்தான் போகிறார் என்று தெரிந்தது. வாசலில் போய் மறித்தேன்.

"மேல அவுக தோட்டத்துக் கோயில்ல சாமி கும்புடுறாக, ஆட்டமும் இருக்கு. ஒருக்கா வந்து நேராப் பாருங்க மாமா. பாத்துட்டும் அதையே சொன்னா, நீங்க காட்டுற ஆளுக்குக் கழுத்த நீட்டுறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, ஜீப்பு ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் மாமாவின் முகத்தைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தோட்டத்துக் கோயிலுக்கு முன்னால் சமதரை என்று ஒன்று கிடையாது. மேலே பூசாரி, கீழே மேளக்காரர்கள், நடுவில் சரிவில் ஆட்டம். மாமா எங்கள் தெருவில் பேர்போன ஒயிலாட்டக்காரர். விருந்தாளியாயிற்றே என்று அவர் கையிலும் ஒரு கைக்குட்டையைக் கொடுத்து வரிசையில் இழுத்துவிட்டார்கள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கெத்தாகத்தான் இறங்கினார். இரண்டு சுற்றுக்கூட வரவில்லை, கால் வழுக்கியது. வேட்டியோடு உருண்டிருப்பார். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த இவர் மாமாவின் முழங்கையைப் பிடித்து, அடவை விடாமலே பள்ளத்துப் பக்கம் மாறி நின்று, பாட்டு முடிகிற வரை முட்டுக்கொடுத்துக்கொண்டே ஆடினார். அந்தச் சரிவில் அவருடைய மடங்கிய முட்டி அத்தனை பாந்தமாக இருந்தது. முடிக்கும்போது மாமாவும் முட்டியை மடக்கித்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

மாமா மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவன் கால் நல்ல காலுதான்த்தா. என் காலுதான் இங்க செல்லல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது மாப்பிள்ளையுடைய அம்மா வந்து மாமா எதிரே தயங்கி நின்றார்.

"அண்ணே, தப்பா நெனைக்கக் கூடாது. கும்மி வீடியோவுல பாத்தோம். பொண்ணு இடது முட்டிய நிமித்தவே மாட்டேங்குது. கால்ல ஏதும் கொறை இருக்கா?"

இத்தனை வருடம் சரிவில் காய் எடுத்த கால் அப்படி ஆடுகிறது என்று எனக்கே தெரியாது. மாமா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்த இவர்தான் தன் அம்மாவுக்குப் பதில் சொன்னார். அவர் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன்.

"எனக்கு மேட்டுக் கால் வலதும்மா. எதுத்தாப்ல நிக்கிறவுகளுக்கு இடதுதான வரும்."

மாமா அங்கேயே தாம்பூலத் தட்டு கேட்டார்.