உவ்வே மாமா மழித்த கோரை

தலைமுடியைக் கண்டாலே குமட்டுகிற ஒருவர் ஆயுசு முழுக்க முடிவெட்டும் கடை நடத்தினார் என்றால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். ஆனால் உவ்வே மாமா அப்படித்தான் பிழைத்தார். கடை அவருடைய அப்பாவுடையது. அப்பா கண்ணை மூடியதும் கத்திரி இவர் கைக்கு வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வேறு தொழிலும் தெரியாது.

அந்தப் பெயரை வைத்தது அவருடைய அக்கா மகள். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது, ஒருநாள் இவர் தட்டில் ஒரே ஒரு முடி கிடந்தது. இவர் "உவ்வே" என்று எழுந்து ஓடினார். அது குழந்தைக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. அடுத்த முறை இவர் வாசலில் நின்றதும், "அம்மா, உவ்வே மாமா வந்திருக்கு" என்று கத்தினாள். பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் தெருவே கூப்பிட்டது, கடைக்கு வருகிறவர்கள் கூப்பிட்டார்கள், கடைசியில் கோபம் வந்தால் கட்டின பெண்டாட்டியும் கூப்பிட்டாள்.

கடையில் அவர் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒருவன் தலையிலிருந்து பொடுகு மாவு சலித்தது போல உதிரும். ஒருவன் காதுக்குள் மெழுகு வழியும். ஒருவன் பிடரியில் வேர்வையும் அழுக்கும் சேர்ந்து கறுப்பாகத் திரண்டு நிற்கும். மாமா செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி இரண்டு விரல் நுனியால்தான் தலையைத் திருப்புவார். அதற்காக வேலையில் குறை சொல்ல முடியாது. சீக்கிரம் கண்ணை விட்டுத் தொலையட்டும் என்கிற வெறியில் ஒட்ட வெட்டுவார். அந்த ஒட்ட வெட்டுக்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். "ஒட்ட எடுத்துட்டா அசிங்கம் போச்சு. திரும்ப வளரப் போற சாமான்தானே" என்பார். வீட்டுக்குப் போனதும் கொல்லைப்புறமாக நுழைந்து, குளித்த பிறகுதான் யாரையும் தொடுவார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இவருக்கு மூக்குச் சிந்திவிட்டதும், கால் கழுவிவிட்டதும், சோறு ஊட்டியதும் அக்காதான். அக்காவைக் கட்டிய அத்தான் பஸ் ஓட்டினவர், வாட்டசாட்டமான ஆள். கடைசியில் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் ஓயாமல் வடியும். தாடி மண்டிவிட்டது.

"தம்பி, அத்தானுக்கு ஒரு தடவை சவரம் பண்ணி விடுடா. குடிக்கிற பாலெல்லாம் தாடியில வழிஞ்சு காஞ்சு போவுது" என்று அக்கா கேட்டாள்.

மாமா பெட்டியோடு போனார். அறை வாசலில் நின்றார். புளித்த பால் வாடை, மூத்திரத் துணி வாடை. தாடியிலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தலையணையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "நாளைக்கு வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான். அந்த நாளை வரவே இல்லை. அக்காவே மொட்டை பிளேடை வைத்துச் சவரம் செய்திருக்கிறாள். பழக்கம் இல்லாத கை. மோவாய்க்குக் கீழே கிழித்துவிட்டது. அந்தக் காயம் ஆறுவதற்குள் அத்தான் போய்ச் சேர்ந்தார்.

அன்றோடு அக்கா தம்பியிடம் பேசுவதை நிறுத்தினாள். உறவை அறுக்கவில்லை. நல்லது கெட்டதுக்கு வருவாள், சாப்பிடுவாள், இவர் எதிரிலேயே உட்காருவாள். ஆனால் பேச்செல்லாம் இவர் பெண்டாட்டியிடம்தான். "ஏம்மா, உன் புருஷனைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு. காத்து வரல" என்பாள். புருஷன் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். இப்படியே வருஷங்கள் ஓடின.

தனியாகிவிட்ட அக்கா வீட்டுப் பக்கவாட்டில் கோரை வளர்க்க ஆரம்பித்தாள். எல்லாம் அழகுக்கு வளர்க்கிற ஜாதி. சுவரோரம் மஞ்சள் கோடு போட்டது ஒன்று, தழையத் தழையத் தொங்குகிற கரும்பச்சை ஒன்று. குழாயடித் தொட்டிகளில் செம்பட்டை நிறத்தில் ஒரு ஜாதி.

பால்காரர் கேலி பண்ணினார். "ஊரே புடுங்கி எறியற கோரைக்குத் தொட்டி வச்சுத் தண்ணி ஊத்தறீங்களேம்மா!"

"நீ பால்ல ஊத்தற தண்ணிக்கு இது பரவாயில்ல, போ" என்றாள் அக்கா.

அந்தச் செம்பட்டைக் கோரையைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் "செத்துப் போச்சே" என்பார்கள். அதன் நிறமே அதுதான். உயிருள்ள இலையை வளைத்துவிட்டால் துள்ளி நிமிரும், செத்த இலை முறியும், அவ்வளவுதான் அடையாளம். அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்து, விரல்களை அடியில் விட்டு நுனிவரைக்கும் கோதுவாள். காய்ந்தது கையோடு வந்துவிடும். கத்திரியே வைக்க மாட்டாள். தெருவில் போகிற மாமாவுக்கோ அது எண்ணெய் காணாத பரட்டைத் தலை மாதிரி தெரியும். எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அக்கா குழாயடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்ததும் மகள் தன் ஊருக்குக் கூட்டிப் போக வந்தாள். கிளம்புகிற நேரத்தில் அக்கா தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டாள். மாமாவும் பக்கத்திலேயே நின்றார்.

"ஏம்மா, உன் புருஷன்கிட்ட சொல்லு. கோரையைப் பாத்துக்கணும். காஞ்சதைக் கோதி எடுக்கணும், இல்லாட்டி உள்ள அழுகிடும். வெட்டக் கூடாது."

அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அக்கா மாமாவிடம் கேட்ட ஒரே காரியம். இதைச் சரியாகச் செய்துவிட்டால் அக்கா திரும்பி வந்து வாய் திறந்து பேசிவிடுவாள் என்று நம்பினார்.

மழை இல்லாத நாளில் தண்ணீர் விட்டார், எட்ட நின்று குழாயால். கோதுவதுதான் முடியவில்லை. தூருக்குள் பழைய இலையெல்லாம் நனைந்து, சாக்கடை வாயில் அடைத்த முடிக்கற்றை போலச் சுருண்டு கிடந்தது. நத்தைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. பூனை வேறு தன் வேலையைக் காட்டியிருந்தது. ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு விரலை விட்டார். ஓடில்லாத நத்தை ஒன்று வழவழவென்று விரலோடு வந்தது. சோப்புத் தேயத் தேயக் கழுவினார்.

"என்னங்க, கோதினீங்களா?" என்றாள் பெண்டாட்டி.

"கோதினேன், கோதினேன்."

தொட்டிகள் நாளுக்கு நாள் பரட்டையாகின. ஒரு கடை விடுமுறை நாளில் மாமா அவற்றைப் பார்த்தபடி நின்றார். எத்தனை தலையைப் பார்த்தவர்! ஒட்ட எடுத்தால் அசிங்கம் போய்விடும், அக்கா வருவதற்குள் புதுசாக வளர்ந்துவிடும். பெட்டியைத் திறந்து பெரிய கத்திரியை எடுத்தார். கை படாமல், தூரில் நாலு விரல் உயரம் விட்டு, சுவரோரத்தில் இருந்ததையும் சேர்த்து வரிசையாக மழித்தார். தள்ளி நின்று பார்த்தால், பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் பையன்கள் தலை மாதிரி இருந்தது. அவருக்கே திருப்தி.

பச்சையும் மஞ்சள் கோடும் எப்படியோ தளிர்த்துவிட்டன. செம்பட்டை உட்கார்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் தூருக்குள் இறங்கி, கட்டை கறுத்து, அழுகல் வாடை வந்தது. மாமா தினமும் போய் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்.

அக்கா கைத்தடியோடு வந்து இறங்கினாள். வீட்டுக்குள் போகவில்லை, நேராகக் குழாயடிக்குத்தான் போனாள். மாமாவும் பெண்டாட்டியும் பின்னாலேயே போனார்கள். அக்கா தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏம்மா" என்றாள் தம்பி பெண்டாட்டியிடம். "வெட்ட வேண்டிய தாடி எது, வெட்டக் கூடாத தாடி எதுன்னு உன் புருஷனுக்கு இன்னும் தெரியல போல."

மாமாவின் பெண்டாட்டி தரையைப் பார்த்தாள்.

"வேற வாங்கித் தந்துடறேன்க்கா" என்றார் மாமா.

"வாங்கித் தரச் சொல்லி யாரு கேட்டாங்கன்னு உன் புருஷனைக் கேளும்மா."

அக்கா தடியைச் சுவரில் சாத்திவிட்டு, தொட்டியைப் பிடித்துக் குனியப் பார்த்தாள். கால் மடங்கவில்லை. கை நடுங்கியது. மொட்டை பிளேடைப் பிடித்த கையும் இப்படித்தான் நடுங்கியிருக்கும் என்று மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்டாட்டியிடம் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அக்கா அதில் உட்கார்ந்ததும், அவர் தொட்டி முன்னால் குந்தினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தூருக்குள் நுழைத்தார்.

சொதசொதவென்று உள்ளே போனது. நடுத்தூர் ஊறிப்போன துணி மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. நகக்கண்ணில் கறுப்புக் கூழ் ஏறியது. புழு நெளிந்தது. புளித்த பால் வாடை போல ஒரு வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. மாமா எழுந்து ஓடி, சுவரோரம் வாந்தி எடுத்தார். குடித்த காபி, தின்ற பன், எல்லாம் வெளியே வந்தது. பெண்டாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாமா திரும்பி வந்தார். கை இரண்டும் நாறியதால் வாயைத் தோளிலேயே துடைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து அப்படித் துடைத்தவர் இல்லை. தூரை அப்படியே தோண்டிக் கவிழ்த்து, அழுகியதைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். விளிம்பில் கட்டை விரல் பருமனுக்கு ஒரு துண்டு வெள்ளை வேரோடு கெட்டியாக நின்றது. மேலே செம்பட்டையாக ஓர் இலை. வளைத்துவிட்டார். துள்ளி நிமிர்ந்தது.

"உசுரு இருக்குக்கா!" என்று தூக்கிக் காட்டினார்.

வேருக்கு நடுவில் ஓடில்லாத நத்தை ஒன்று சுருண்டிருந்தது. மாமா அதைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். கீழே கிடந்த குச்சியை எடுத்து நெம்பப் போனார்.

"டேய்" என்றாள் அக்கா. "குச்சியால நோண்டாத, வேரு அறுந்துடும். கையால எடுடா."

மாமா கையாலேயே எடுத்தார்.

அன்று எல்லாத் தொட்டிகளிலிருந்தும் பிரித்து நட்ட துண்டுகளில் பிழைத்தவை கொஞ்சம்தான். அத்தான் தாடியைப் பற்றி அக்காவும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. ஆனால் கடை விடுமுறை தவறாமல் மாமா போய், அந்த முக்காலியில் உட்கார்ந்து கோரையைக் கோதினார். பிடித்துப்போய்ச் செய்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு "சீ", ஒவ்வொரு நத்தைக்கும் ஒரு "உவ்வே".

வாசல் நாற்காலியிலிருந்து அக்கா குரல் வரும். "வாந்தி வந்தா அந்தப் பக்கம் போய் எடுடா. செடி மேல எடுத்துத் தொலையாத."