உச்சிவேளையில் காணாமல் போகும் பழங்கள்

போன வாரம் ஒரு நாள் உச்சிவேளையில் என் தக்காளிச் செடியில் ஐந்து பழம் காணோம். ஐந்துதானே என்கிறீர்களா? காக்கை கொத்தினால் தோல் கிடக்கும். அணில் கடித்தால் பாதி தொங்கும். இங்கே காம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது... யாரோ பொறுமையாகத் திருகி எடுத்த மாதிரி.

இது நம் ஊர்த் தக்காளி இல்லை. அரியலூர் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு துரை பங்களாவில் கேட்டு வாங்கி வந்த பழம். கோலிக்குண்டு அளவுதான். ஆனால் இனிப்பு! பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் பெரம்பலூர் வந்து சேருவதற்குள் பாதி நசுங்கிவிட்டது. நசுங்கினால் என்ன? பிழிந்து இரண்டு நாள் புளிக்க வைத்தேன். வழவழப்புப் போகக் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தினேன். மேல்நோக்கு நாள் பார்த்து உடைந்த பானையில் விதைத்தேன். சாண் உயரம் வந்ததும் கொல்லையில் நட்டு, ஆவாரங்குச்சி ஊன்றிக் கட்டினேன். இந்த வட்டாரத்தில் வேறு யாரிடம் உண்டு, சொல்லுங்கள்!

ஒன்றில்தான் தப்பு செய்தேன். எங்கள் வீட்டில் சாமியாகக் கும்பிடுகிற ஒரு கன்னி உண்டு — ஏழு வயதில் காய்ச்சலில் போன என் மகள் பவளம். அவள் பாவாடையும் வளையலும் ஓலைப்பெட்டியில் இருக்கின்றன. புதிதாக எது விளைந்தாலும் பெட்டி முன்னால் வைத்த பிறகுதான் நாங்கள் வாயில் வைப்போம். துரை வீட்டுப் பழம் சாமிக்கு ஆகுமா என்று இதை மட்டும் வைக்கவில்லை.

அடுத்த வீட்டு மருதாயி விடுவாளா?

"ஏங்க்கா, கன்னிக்கு வெக்காம நீங்களே தின்னுபுட்டீங்களா? மருமவளுக்கு ஏழு மாசம். முன்ன ரெண்டும் நிக்கல. இன்னைக்குப் பழத்துக்கு வந்தது, நாளைக்கு எதைக் கேக்குமோ..."

"எம் மவ எங்கிட்ட திருட மாட்டா. போயி உன் வூட்டு அடுப்பப் பாருடி."

சொல்லிவிட்டேன். சோறுதான் இறங்கவில்லை.

மறுநாள் உச்சியில் மாட்டுக்கொட்டகை ஓரமாக உட்கார்ந்தேன். காற்றே இல்லை. செடி ஆடியது. எட்டிப் பார்த்தால் — என் மருமகள் செல்லம்மா! குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகித் தின்கிறாள். இடது கையால்.

செல்லம்மாவுக்கு எல்லாமே வலது கைதான். இடது கைப் பழக்கம் என் பவளத்துக்கு. அவள் போய்ப் பத்து வருஷம் கழித்து இந்த வீட்டுக்கு வந்தவள் இவள்.

செல்லம்மா எழுந்து உள்ளே போனாள். பின்னாலேயே போனேன். பாயில் அயர்ந்து தூங்குகிறாள். மோவாயில் ஒரு விதை ஒட்டியிருந்தது.

"செல்லம்மா, கொல்லப் பக்கம் போனியா?"

"இல்லீங்கத்தே, சாப்புட்டுப் படுத்தவதான்..." நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். "வாயெல்லாம் ஏன் இனிக்குது?"

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுத் தின்றுவிட்டு, மாமியாருக்குப் பயந்து சொன்ன பொய்யா? இருக்கலாம். ஒரு பழம் கேட்கக்கூட அவளைப் பயப்பட வைத்திருந்தேன் என்றால், இந்த வீட்டில் பேய் நான்தான்.

ஆனால் அந்த இடது கை?

அன்று முதல் நானே பறித்து இரண்டு தட்டில் வைக்கிறேன். ஒன்று செல்லம்மாவுக்கு, ஒன்று பெட்டி முன்னால். செல்லம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்கிறாள். வயிற்றுப் பிள்ளை நன்றாக உதைக்கிறது. இன்னும் இரண்டு மாசம்.

உள்ளே, பெட்டி முன்னால் வைத்த தட்டும் காலியாகிவிடுகிறது. நான் எட்டிப் பார்ப்பதில்லை.

பசித்து வந்தவரிடம் பேர் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.